நம் வாசலில் ஒரு கரிய நீர்க் காடு

சிலாங்கூர் வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பங்சாரில் விரலை வைத்துத் தெற்கு நோக்கி நகர்த்துங்கள். பூச்சோங்கைத் தாண்டி, சைபர்ஜெயாவுக்கு மேற்கே, பந்திங் பக்கமாகத் திரும்பினால் வீடமைப்புப் பகுதிகளுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் நடுவே ஒரு சிறிய பச்சைத் துண்டு தெரியும். அதுதான் வட கோல லங்காட் வனக் காப்பகம். மலாய் மொழியில் ஹுத்தான் சிம்பான் கோல லங்காட் உத்தாரா.

1927-ஆம் ஆண்டில் இதை வனக் காப்பகமாக அரசிதழில் பதிவு செய்தபோது இதன் பரப்பளவு ஏறக்குறைய 7,247 ஹெக்டர். 2020-ஆம் ஆண்டில் எஞ்சியிருந்தது 957 ஹெக்டர் மட்டுமே. அதாவது நூறில் பதின்மூன்று பங்கு. அந்த ஆண்டு பிப்ரவரி மாதம், எஞ்சியதிலும் 97 விழுக்காட்டைக் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கிக் கலப்பு மேம்பாட்டுத் திட்டத்துக்குக் கொடுக்க உத்தேசித்திருப்பதாக நாளேடுகளில் ஓர் அறிவிப்பு வந்தது.

அந்த உத்தேசம் நிறைவேறவில்லை. காடு எப்படித் தப்பியது, அதில் அப்படி என்னதான் இருக்கிறது, எஞ்சிய 957 ஹெக்டரால் நமக்கு என்ன பயன்? இந்தக் கேள்விகளுக்கு இந்த வாரம் விடை தேடுவோம், வாசகர்களே.

தேநீர் நிறத்தில் தண்ணீர்

வட கோல லங்காட் ஒரு சாதாரண மழைக்காடு அல்ல. அது காம்புட் காடு. கரிச்சதுப்புக் காடு என்று தமிழில் சொல்லலாம். அங்கே உங்கள் காலடியில் இருப்பதை மண் என்று சொல்வதுகூடச் சரியில்லை. முழுதாக மட்கிப் போகாத இலைகள், கிளைகள், வேர்கள், விழுந்த மரங்கள் ஆகியவை அடுக்கடுக்காகச் சேர்ந்து அமுங்கிக் கிடக்கும் ஒரு பெரிய குவியல் அது.

சாதாரணக் காட்டில் ஓர் இலை விழுந்தால் சில மாதங்களில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அதைச் சிதைத்துவிடும். அந்த வேலைக்கு அவற்றுக்கு உயிர்வளி தேவை. ஆனால் சதுப்பில் விழும் இலை தண்ணீருக்குள் மூழ்குகிறது. அங்கே உயிர்வளி மிகக் குறைவு. தண்ணீரும் அமிலத்தன்மை கொண்டது. சிதைக்கும் நுண்ணுயிர்களால் அங்கே முழு வேகத்தில் வேலை செய்ய முடியாது. ஆகவே விழும் அளவைவிட மட்கும் அளவு குறைவாகி, மிச்சம் சேர்ந்துகொண்டே போகிறது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் உயரும். ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படியே உயர்ந்தால் பல மீட்டர் ஆழமுள்ள படிவு கிடைக்கும். நம் கடலோரக் காம்புட் நிலங்கள் இப்படித்தான் உருவாயின.

இலைகளிலிருந்து கசியும் டானின் போன்ற பொருள்கள் தண்ணீரைக் கறுக்க வைக்கின்றன. பாலில்லாத தேநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். கரிச்சதுப்புக் காட்டின் நீர் ஏறக்குறைய அந்த நிறம்தான். அதன் பிஎச் அளவு 3-க்கும் 4-க்கும் இடையில் இருக்கும். ஆரஞ்சுச் சாற்றின் புளிப்புக்கு அது சமம்.

இங்கே பாட நூலில் வரும் கார்பன் சுழற்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துத் தன் உடலாக மாற்றுகிறது. மரம் மட்கினால் அந்தக் கார்பன் மறுபடியும் காற்றுக்குப் போகிறது. சதுப்பில் அது மட்காமல் தங்கிவிடுகிறது. உலக நிலப்பரப்பில் கரிச்சதுப்பு நிலங்கள் 3 விழுக்காடுதான். ஆனால் உலகத்து மண்ணில் உள்ள கார்பனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவற்றில்தான் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

புளிப்பு நீரில் ஒரு செந்நிற மீன்

அமிலத் தண்ணீர், உயிர்வளி இல்லாத சேறு, நிற்க உறுதியில்லாத நிலம். இப்படிப்பட்ட இடத்தில் எது வாழும் என்று தோன்றலாம். இங்கேதான் இயற்கையின் கைத்திறன் தெரிகிறது.

மரங்களைப் பாருங்கள். இளகிய நிலத்தில் சாயாமல் நிற்கச் சில மரங்கள் பொய்க்கால் போன்ற தாங்குவேர்களை ஊன்றியிருக்கும். சில, பலகை வேர்களை விரித்திருக்கும். இன்னும் சில, தண்ணீருக்கு மேலே வேரை நீட்டிக் காற்றை உறிஞ்சும். மெராந்தி பாக்காவ் போன்ற, சதுப்புக்கே உரிய மரங்கள் இங்கே வளர்கின்றன.

தண்ணீருக்குள் ஒரு சின்ன மீன் வாழ்கிறது. பெயர் பெட்டா லிவிடா. லங்காட் சிவப்புச் சண்டை மீன் என்று நம் நாட்டுப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். கடையில் புட்டியில் அடைத்து விற்கும் வண்ணச் சண்டை மீனுக்கு இது உறவு. நீளம் நம் சுண்டுவிரலைவிடக் குறைவு. நீரில் உயிர்வளி குறைந்தாலும் இதற்குக் கவலையில்லை. தலைக்குள் மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. மீன் மேலே வந்து வாயால் காற்றைக் குடித்து, அந்த உறுப்பின் வழியாகச் சுவாசித்துக்கொள்ளும். இந்த இனத்தை அறிவியலாளர்கள் பெயரிட்டு விவரித்ததே 1992-இல்தான். சிலாங்கூரின் கரிச்சதுப்புகளை விட்டால் இதற்கு வேறு வீடு கிடையாது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது அழியும் அபாயத்தில் உள்ள இனம்.

இதையெல்லாம் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த மீனைப் பிடித்து வேறு குளத்தில் விட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் நினைக்கலாம். தெளிந்த ஆற்று நீரோ ஈயக் குட்டை நீரோ இதற்கு ஒத்து வராது. இந்த மீனுக்கு வேண்டியது கரிய நீர். கரிய நீருக்கு வேண்டியது மட்காத இலை. இலைக்கு வேண்டியது மரம். மரம் நிற்க வேண்டியது ஈரம் காயாத நிலம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மீன் இல்லை.

சூரியக் கரடி, தாப்பிர், சிலாங்கூரின் பெயரையே தாங்கிய சிறிய பறக்கும் அணில் ஆகியவையும் இக்காட்டோடு சேர்த்துப் பேசப்படும் விலங்குகள். கோலாலம்பூரின் உயர்ந்த கட்டடங்களிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இவற்றுக்கு இன்னும் இடம் இருக்கிறது என்பதே ஒரு வியப்பு.

தண்ணீரை வடித்தால்?

கரிச்சதுப்பில் வீடு கட்டவோ செம்பனை நடவோ முதலில் செய்வது வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிப்பது. தண்ணீர் இறங்கியவுடன் அதுவரை நுழைய முடியாத காற்று உள்ளே நுழைகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காத்திருந்த நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. சேர்ந்திருந்த கார்பன், கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கிறது.

நிலமும் கீழே இறங்குகிறது. தென்கிழக்காசியாவில் நடந்த அளவீடுகளின்படி, வடித்த முதல் ஐந்து ஆண்டுகளில் நிலம் ஒரு மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிடும். அதன் பிறகும் ஆண்டுக்கு ஐந்து செண்டிமீட்டர் அளவுக்குத் தொடர்ந்து இறங்கும். கடலோரத் தாழ்நிலத்தில் இதன் பொருள் என்ன? நிலம் இறங்க இறங்க மழைநீர் தானாக வெளியேற முடியாமல் தேங்கும். பம்புகளை நம்பித்தான் அங்கே வாழ வேண்டியிருக்கும்.

மூன்றாவது ஆபத்து நமக்கு நன்றாகத் தெரிந்தது. புகைமூட்டம். காய்ந்த காம்புட் என்பது எரிபொருள். அதில் தீப் பிடித்தால் தரைக்கு அடியிலேயே நாள்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில், புகைந்துகொண்டிருக்கும். மேலே தண்ணீர் ஊற்றினால் அணைந்ததுபோல் தெரியும். சில மீட்டர் தள்ளி மறுபடியும் புகை எழும். 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தப் புகையில் பெரும்பகுதி சுமத்ராவின் சதுப்புத் தீயிலிருந்து வந்தது. ஆனால் எல்லாப் புகையையும் அண்டை நாட்டின் மேல் போட முடியாது. கிள்ளானில் உள்ள ஜோஹான் செத்தியாவில் வறட்சிக் காலத்தில் காம்புட் விளைநிலம் எரியும்போது சுற்றுவட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் முகக்கவசம் அணிகிறார்கள்.

ஈரமாக இருக்கும்வரை சதுப்பு ஒரு கார்பன் கிடங்கு. காய்ந்துவிட்டால் அதுவே புகைக்கூண்டு. இடையில் இருப்பது ஒரு வாய்க்கால்தான்.

காடு சுருங்கினால் கணக்கு எப்படி மாறுகிறது?

"பாதிக் காட்டை எடுத்துக்கொண்டால் பாதி உயிர்கள் போகும், மீதிப் பாதி இருக்குமே" என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. ஆனால் காட்டுக் கணக்கு அவ்வளவு நேரானதல்ல. இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்ப்போம்.

முதலாவது, பரப்பும் இனங்களும். ராபர்ட் மெக்ஆர்தர், எட்வர்ட் வில்சன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1967-இல் தீவுகளின் உயிரியல் பற்றி ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். பெரிய தீவில் அதிக இனங்கள், சிறிய தீவில் குறைந்த இனங்கள் என்பது அதன் அடிப்படை. அந்த வழியில் வந்த தோராய விதி ஒன்று உண்டு. பரப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால், காலப்போக்கில் அங்கே வாழக்கூடிய இனங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகும். சுற்றிலும் தார்ச் சாலையும் வீடும் சூழ்ந்த காட்டுத் துண்டும் ஒரு தீவுதான். இந்த விதிப்படி, 7,247 ஹெக்டர் காடு 957 ஹெக்டராகும்போது அதன் இனங்களில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் தங்க முடியாமல் போகலாம். இது தோராயக் கணக்குதான். ஆனால் போகும் திசையைக் காட்டுகிறது.

"காலப்போக்கில்" என்ற சொல் முக்கியம். காடு வெட்டப்பட்ட மறுநாளே இனங்கள் மறைவதில்லை. முந்நூறு ஆண்டு வாழக்கூடிய மரம் இன்னும் நிற்கும். ஆனால் அதன் பூவை நாடி வரும் பூச்சியும் விதையைச் சுமந்து செல்லும் பறவையும் இல்லாமல் போனால் அந்த மரத்துக்கு வாரிசு இல்லை. சூழலியலார் இதை அழிவுக் கடன் என்கிறார்கள். கடன் வாங்கியது ஒரு தலைமுறை; வட்டியோடு கட்டுவது அடுத்த தலைமுறை.

இரண்டாவது கணக்கு, ஓரம். காட்டின் விளிம்பில் வெயிலும் காற்றும் உள்ளே புகும். ஈரம் குறையும். கொடிகளும் களைகளும் ஏறும். பெரிய மரங்கள் காற்றில் சாயும். இந்தப் பாதிப்பு 100 மீட்டர் வரை உள்ளே செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். காடு சதுர வடிவில் இருப்பதாகவும் கொள்வோம். 957 ஹெக்டர் சதுரத்தின் ஒரு பக்கம் சுமார் 3,100 மீட்டர். நான்கு புறமும் 100 மீட்டர் கழித்தால் உள்ளே எஞ்சும் உண்மையான உள்காடு சுமார் 840 ஹெக்டர். நூற்றுக்கு 87 பங்கு. இன்னும் நம்பிக்கை உண்டு.

இனி 2020-ஆம் ஆண்டு உத்தேசத்தை இதே கணக்கில் போடுங்கள். 957.63 ஹெக்டரில் 930.93 ஹெக்டர் போனால் எஞ்சுவது 26.7 ஹெக்டர். சதுரத்தின் பக்கம் சுமார் 517 மீட்டர். ஓரத்தைக் கழித்தால் உள்காடு வெறும் 10 ஹெக்டர். வடிகால் வெட்டிய நிலத்தின் நடுவே அந்தப் பத்து ஹெக்டர் சதுப்பும் காய்ந்துதான் போகும்.

சிறிய காடுகளால் பயனே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. தலைநகரின் நடுவே உள்ள புக்கிட் நானாஸ் 1906-இல் காப்பகமானது. அப்போது 17.5 ஹெக்டர், இப்போது 9 ஹெக்டர் சொச்சம். நம் கணக்குப்படி அதில் உள்காடு ஒரு ஹெக்டர் தேறினால் அதிகம். ஆனாலும் கோலாலம்பூர் கோபுரம் கட்டியபோது அங்கிருந்த நூறாண்டு கடந்த ஜெலுத்தோங் மரத்தை வெட்டாமல், அதற்காகத் தனித் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். தைப்பூசத்துக்கு நாம் போகும் பத்துமலையில், உலகில் வேறெங்கும் காணாத ஒரு பொறிக்கதவுச் சிலந்தி இனம் இருண்ட குகைக்குள் வாழ்கிறது. சிறிய இடமும் ஓர் இனத்தின் முழு உலகமாக இருக்கலாம். ஆனால் சூரியக் கரடிக்கும் தாப்பிருக்கும் சிறிய இடம் போதாது. இரண்டு வகை இடங்களும் நமக்கு வேண்டும்.

ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து வந்த வண்டு

"பெயர் தெரியாத பூச்சிக்கும் விரல் நீள மீனுக்கும் இவ்வளவு பெரிய நிலமா?" என்ற கேள்வியும் எழும். அதற்குப் பதில் நம் தோட்டங்களிலேயே இருக்கிறது.

செம்பனை நம் மண்ணின் மரம் அல்ல. அதன் தாயகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகள். 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்துக்கு நான்கு கன்றுகள் வந்தன. 1917-இல் கோல சிலாங்கூரில் உள்ள தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை பயிரானது. மரம் வந்தது, ஆனால் அதன் பூவோடு பழகிய பூச்சி வரவில்லை. காற்றுதான் மகரந்தத்தைச் சுமக்கிறது என்று பலரும் நம்பினார்கள். காய்ப்பு போதாத தோட்டங்களில் மனிதக் கைகளே அந்த வேலையைச் செய்தன. ஆண் பூவின் மகரந்தத்தை டால்கம் தூளுடன் கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவில் தூவ வேண்டும். உங்கள் வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவருக்கு நினைவிருக்கலாம்.

பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் கெமரூன் நாட்டுக்குச் சென்று ஆராய்ந்தார். அங்கே செம்பனைப் பூவில் மொய்க்கும் சின்னஞ்சிறு கூன்வண்டுகள்தாம் மகரந்தத்தைச் சுமக்கின்றன என்று நிறுவினார். பாதுகாப்புச் சோதனைகளுக்குப் பிறகு 1981 பிப்ரவரியில் ஜோகூர், குளுவாங் அருகே ஒரு தோட்டத்தில் அந்த வண்டுகள் விடப்பட்டன. கையால் தூவும் வேலை முடிவுக்கு வந்தது. காய்ப்பு உயர்ந்தது. நாட்டின் மிகப் பெரிய விவசாயத் தொழிலையே அரிசி மணியைவிடச் சிறிய ஒரு வண்டு தூக்கி நிறுத்தியது.

அந்த வண்டைக் கண்டுபிடிக்கும் முன்பே கெமரூனின் காடும் பனைகளும் அழிந்திருந்தால்? இழந்தது இன்னதென்றுகூட நமக்குத் தெரிந்திருக்காது. நம் சதுப்பிலும் அப்படி எது காத்திருக்கிறதோ, யார் கண்டார்?

அந்தத் தாயகத்தின் நிலையும் இன்று கவலைக்குரியதே. கானா, ஐவரி கோஸ்ட் நாடுகளில் காட்டின் பெரும்பகுதி கோகோ தோட்டங்களாகிவிட்டது. கானாவின் காக்கும் தேசியப் பூங்காவில் 1995 முதல் மர உச்சிகளுக்கு இடையே தொங்கு நடைபாலம் இருக்கிறது. ஆப்பிரிக்கக் காட்டு யானைகளும் இருக்கின்றன. ஆனால் பூங்காவின் எல்லையைத் தாண்டினால் விளைநிலம்தான். அங்கே சாக்லேட்டுக்காகவும் இங்கே எண்ணெய்க்காகவும் வீட்டுக்காகவும் காடு துண்டாகிறது. கணக்கு ஒன்றுதான்.

காட்டோரத்துக் குடும்பங்கள்

வட கோல லங்காட் காட்டை ஒட்டிப் பூர்வக்குடியினரான தெமுவான் மக்கள் வாழ்கிறார்கள். புக்கிட் சீடிங், பூசுட் பாரு, புலாவ் கெம்பாஸ் ஆகியவை அவர்களின் கிராமங்களில் சில. மூலிகை, பிரம்பு, கூடை முடையும் தாழை ஓலை ஆகியவை காட்டிலிருந்து வருகின்றன. முன்னோர் வாழ்ந்து மறைந்த இடம் என்பதால் அது அவர்களுக்கு வழிபாட்டுக்கும் உரியது. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்காக 1990-களில் ஏற்கெனவே ஒருமுறை இடம் மாறி வந்த குடும்பங்களும் அவர்களிடையே உண்டு.

தோட்டம் துண்டாடப்பட்டு, கோயிலையும் லயத்தையும் விட்டுவிட்டு நகரத்துக்கு வந்த நம் குடும்பங்களுக்கு இந்த வலியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

45,000 கடிதங்கள்

இனி, காடு தப்பிய கதை. மலேசியாவில் நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை. 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி, அந்த நிலத்துக்கு வேறு உயர்ந்த பொருளாதாரப் பயன் உண்டு என்று கருதினால் மாநில அரசு அதைக் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கலாம். அரசிதழில் ஏற்றிய அதே வழியில் இறக்கவும் முடியும். வனக் காப்பகம் என்ற பெயர்ப் பலகை மட்டும் எந்தக் காட்டையும் என்றென்றும் காப்பதில்லை.

ஆனால் சிலாங்கூரில் ஒரு கூடுதல் படி உண்டு. நீக்கும் முன் அறிவிப்பு வெளியிட்டுப் பொதுமக்களின் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும். 2020 பிப்ரவரி அறிவிப்பு வந்தது அதனால்தான். தெமுவான் கிராம மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் சாதாரணக் குடிமக்களும் எழுதத் தொடங்கினார்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தின் நடுவிலும் 45,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காட்டைக் காக்கும் தீர்மானத்தைச் சிலாங்கூர் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது.

அத்துடன் முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். 2021 ஆகஸ்டு இறுதியில் வேறு செய்தி வந்தது. அந்த ஆண்டு மே மாதமே ஆட்சிக்குழு 536.7 ஹெக்டரைக் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டிருந்தது. மீண்டும் எதிர்ப்பு எழுந்தது. 2021 செப்டம்பர் 8-ஆம் நாள் மந்திரி பெசார் அமிருடின் ஷாரி அந்த முடிவை இரத்து செய்வதாகவும் நிலத்தை மறுபடியும் வனக் காப்பகமாகப் பதிவு செய்யப்போவதாகவும் அறிவித்தார். 2022-இல் நாடாளுமன்றம் தேசிய வனச் சட்டத்தைத் திருத்தியது. காப்பகத்தை நீக்கும் முன் பொது விசாரணை நடத்த வேண்டும். நீக்கினால் ஈடாக வேறு நிலத்தைக் காப்பகமாக்க வேண்டும் என்பவை அதில் முக்கியமானவை. மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அது அந்தந்த மாநிலத்தில் நடைமுறைக்கு வரும்.

ஈடு நிலம் என்ற சொல்லையும் அறிவியல் கண்ணோடு பார்க்க வேண்டும். மலைக்காட்டில் 500 ஹெக்டரைக் கொடுத்துச் சதுப்பில் 500 ஹெக்டரை எடுத்தால் காகிதத்தில் கணக்குச் சரியாகும். கரிய நீர் மீனுக்கு அது ஈடாகாது.

வெட்டியதை மீட்க முடியுமா?

ஓரளவு முடியும். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகம், ஃப்ரிம், அதற்குச் சான்று. 1920-களில் அது ஈயம் தோண்டிப் பாழான நிலமும் காய்கறித் தோட்டமுமாக இருந்தது. அங்கே மரம் நட்டு வளர்த்து, இன்று 500 ஹெக்டருக்கு மேற்பட்ட காடு நிற்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அங்குள்ள காப்பூர் மரங்களின் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் தலை மற்றொன்றைத் தொடாமல், நடுவே ஆற்றுக் கிளைகள்போல வானம் ஓடும். மனிதர் நட்ட காடு இது என்று நம்புவது கடினம்.

ஆனால் அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. அதுவும் உறுதியான தரையில்.

சதுப்பை மீட்பது இன்னும் கடினம். வட சிலாங்கூரின் ராஜா மூசா வனக் காப்பகத்தில் வனத்துறையும் தன்னார்வ அமைப்பும் சுற்றுவட்டார மக்களும் 2008 முதல் அந்த வேலையைச் செய்து வருகிறார்கள். முதல் வேலை மரம் நடுவதல்ல. பழைய வாய்க்கால்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துவது. நிலம் நனைந்த பிறகுதான் மஹாங் போன்ற, வெயிலைத் தாங்கும் மரங்களை நடுகிறார்கள். அவை நிழல் தந்தபின் மற்றவை வரும். நிழல் சில ஆண்டுகளில் கிடைத்துவிடும். எரிந்துபோன காம்புட் படிவு மீண்டும் சேர ஆயிரம் ஆண்டுகளும் போதாது. இருப்பதைக் காப்பது, இழந்ததை மீட்பதைவிடப் பல மடங்கு மலிவு என்பது இங்கே வெறும் அறிவுரை அல்ல. அளந்து பார்த்த உண்மை.

நாம் என்ன செய்யலாம்?

நாளேட்டின் உள்பக்கங்களில் சிறிய எழுத்தில் வரும் அரசு அறிவிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். வனக் காப்பகம், நீக்கம், ஆட்சேபம் என்ற சொற்கள் கண்ணில் பட்டால் நின்று படியுங்கள். கெடு நாள் எது என்று பாருங்கள். ஆட்சேபக் கடிதம் எழுதச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பெயர், முகவரி, நீக்கம் கூடாது என்பதற்கான காரணம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதினால் போதும். காரணத்துக்கு இந்தக் கட்டுரையில் உள்ள கணக்குகளையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆசிரியர்களே, சூழல் மண்டலப் பாடத்தை நடத்தும்போது ஒரு கட்டம் போட்ட தாளைக் கொடுத்துக் காட்டின் உள்பகுதியையும் ஓரத்தையும் மாணவர்களே எண்ணிப் பார்க்கச் செய்யுங்கள். பெரிய சதுரம் ஒன்று, சிறிய சதுரம் ஒன்று, நீண்ட ஒல்லியான செவ்வகம் ஒன்று. மூன்றுக்கும் பரப்பைக் கணக்கிட்டு, ஓரத்தைக் கழித்தால் எது எவ்வளவு இழக்கிறது என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். சாலை போட்டு ஒரு காட்டை இரண்டாகப் பிளந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே தாளில் காட்டலாம்.

பெற்றோர்களே, பள்ளி விடுமுறையில் ஒரு நாளைப் பேரங்காடிக்குப் பதிலாகக் காட்டுக்கு ஒதுக்குங்கள். ஃப்ரிம், புக்கிட் நானாஸ் இரண்டும் அருகில்தான் இருக்கின்றன. பெயர் தெரிந்த மரத்தை வெட்டுவதற்குப் பிள்ளைகளுக்கு மனம் வராது.

காய்ந்த புல்லையும் குப்பையையும் எரிக்காதீர்கள். கிள்ளான், கோல லங்காட், கோல சிலாங்கூர் வட்டாரங்களில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது காம்புட் நிலமாக இருக்கலாம். திறந்தவெளியில் எரிவதைக் கண்டால் சுற்றுச்சூழல் துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ உடனே தெரிவியுங்கள்.

7,247 ஹெக்டர் எப்படி 957 ஆனது என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அது ஒரே நாளில் நடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நியாயம், பெரும்பாலும் கேட்பார் இல்லை. 2020-இல் முதல் முறையாகப் பல்லாயிரம் பேர் கேட்டார்கள். கடைசித் துண்டு நின்றது. அடுத்த அறிவிப்பு எந்தக் காட்டைப் பற்றி வரும் என்று சொல்ல முடியாது. வரும்போது படிக்க நாம் இருக்க வேண்டும்.